பழைய அமெரிக்க ரேடியோவில் ரெக்கார்டு இழுத்து இழுத்துப் பாடுகிறது. என்ன கோளாறு?

மூஞ்சிக்கல் ஜீப்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொடைக்கானலில் ஜீப் ஓட்டுகிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதில் ஒரு வாரமாகச் சவாரி இல்லை. சும்மா உட்கார முடியாமல் பரணில் கிடந்த தாத்தாவின் ரேடியோவை இறக்கினேன். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

மேஜைமேல் வைக்கிற செட் இது. டிரங்குப் பெட்டி அளவு இருக்கும். மேல்மூடியைத் திறந்தால் உள்ளே ரெக்கார்டு சேஞ்சர். நடுவில் நிற்கிற கம்பியில் தட்டுகளை அடுக்கிவிட்டால் போதும். கடைசி வளையத்துக்கு ஊசி வந்ததும் அடியில் ‘கடக்’ என்று ஒரு சத்தம். ஊசியைப் பிடித்திருக்கிற கை தானாக எழும்பி ஓரத்துக்கு ஒதுங்கும். அடுக்கில் அடியில் இருக்கிற தட்டு மட்டும் நழுவி ‘டப்’ என்று விழும். கை திரும்பி வந்து அதன் விளிம்பில் இறங்கும். சின்ன வயதில் இதைப் பார்க்கவே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் ஜன்னலில் தொங்குவார்கள். இப்போது கை பாதி வழியில் நின்று யோசிக்கிறது. விரலால் லேசாகத் தள்ளினால்தான் மிச்ச தூரம் போகிறது.

முன்பக்கம் டயல். எண்கள் 55-ல் ஆரம்பித்து 160-ல் முடிகின்றன. நடுவே இரண்டு இடத்தில் பொடியாக முக்கோணம் போட்டிருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை. பின்னால் பல்பு மாதிரி ஐந்து கண்ணாடி வால்வு. கம்பெனிப் பெயர் இருந்த தகடு எப்போதோ விழுந்துவிட்டது. முதுகு அட்டையில் 117 வோல்ட் என்பது மட்டும் படிக்கும்படி இருக்கிறது.

தாத்தா இங்கே ஒரு அமெரிக்க மிஷனரி பங்களாவில் குசினிக்காரர். நேரு இறந்த வருஷம் துரை குடும்பம் கப்பலேறியபோது இந்த ரேடியோ, இதற்கென்று இருந்த, வோல்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் பெட்டி, ஒரு கரண்ட் கடிகாரம் மூன்றையும் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடிகாரம் மணிக்குப் பத்து நிமிஷம் பின்னால் போகும். பங்களாவில் இருந்தபோதும் அப்படித்தானாம். “குளிர்ல அதுக்கும் விறைச்சுப்போச்சு” என்பார் தாத்தா. அதை அப்போதே பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாயிற்று. ரேடியோவில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. திருச்சி நிலையமும் இலங்கை வானொலியும் இதில்தான் கேட்டு வளர்ந்தோம். ரேடியோ வைத்திருக்க வருஷத்துக்கு 15 ரூபாய் கட்டிய தபால் ஆபீஸ் லைசென்ஸ் புத்தகம்கூட மூடிக்குள் அப்படியே கிடக்கிறது.

இப்போது விஷயம். துடைத்து, பெட்டியில் மாட்டி, போட்டேன். முதுகுப் பக்கம் மெல்ல மஞ்சள் வெளிச்சம் வந்தது. பாடவும் செய்கிறது! ஆனால் ரெக்கார்டு இழுக்கிறது. தாத்தா மதுரையில் வாங்கிய ஒரு கீர்த்தனை ரெக்கார்டு, 78 வேகம், அதாவது நிமிஷத்துக்கு 78 சுற்று. எச்எம்வி லேபிள் உரிந்து, படத்தில் இருந்த நாயில் பாதிதான் மிச்சம், குழாயைக் காணோம். பாடுகிறவர் பெண்தான், ஆனால் தொண்டை கட்டிய பெண். சுமை ஏற்றிக்கொண்டு பெருமாள்மலை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் வருகிற லாரி மாதிரி இருக்கிறது பாட்டு. ஒரு பக்கம் முடிய நான்கு நிமிஷத்துக்கு ஆறு செகண்டுதான் குறைவு. சத்தமும் கம்மி, ஸ்பீக்கரில் காதை வைக்க வேண்டும். ரேடியோ பக்கம் திருப்பினால் சத்தம் நன்றாகவே வருகிறது, கூடவே ‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல்.

75 வயது அம்மாவைக் கேட்டால் “அந்தப் பாட்டு அப்படித்தான்டா இருக்கும்” என்கிறார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் உங்களிடம் கேட்கிறேன். மோட்டார் வீக்காகிவிட்டதா? ஜீப் என்றால் நானே பிரித்துவிடுவேன், இது எனக்குப் புது வண்டி.

இன்னொன்று, பெரிய விஷயமில்லை. மூடியின் கீழ் இருக்கிற திருகைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது. மழை ஈரமாக இருக்கும்.


எக்கோ பையன்:

பெல்ட் லூசாகியிருக்கும் அண்ணே. அதுக்கு ஏத்த அளவுல ஆன்லைன்ல கிடைக்கும், 150 ரூபாய்தான் வரும்.


மதுரை வால்வு வாத்தியார்:

ஜீப்காரத் தம்பி, பாட்டை அப்புறம் பார்ப்போம். இதைப் படித்ததும் எழுந்து போய் அந்தப் பிளக்கைப் பிடுங்குங்கள். பெரிய விஷயமில்லை என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இதில் பெரிய விஷயம்.

பின்னால் இருக்கிற வால்வுகளின் எண்ணைப் படித்துப் பாருங்கள். 12 பிஇ6, 12 பிஏ6, 12 ஏவி6, 50 சி5, 35 டபிள்யூ4 என்று இருக்கும், அல்லது இதற்கு ஒன்றுவிட்ட தம்பிகளாக இருக்கும். முன்னால் வருகிற எண், அந்த வால்வின் இழை கேட்கிற வோல்ட். கூட்டுங்கள்: 12, 12, 12, 50, 35. மொத்தம் 121. அமெரிக்காவில் வீட்டுக்கு வருகிற கரண்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். டிரான்ஸ்பார்மர் செலவை மிச்சம் பிடிக்க ஐந்து இழைகளையும் திருவிழா சீரியல் செட் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து நேராக மெயினில் கொடுத்துவிட்டார்கள். ஒரு வால்வு போனால் ஐந்தும் அணையும். அதுகூடப் பரவாயில்லை. டிரான்ஸ்பார்மர் இல்லாததால் கரண்டின் ஒரு கால், உள்ளே எல்லாவற்றையும் தாங்குகிற தகரச் சட்டத்துக்கே (சேஸிஸ்) போய்விடுகிறது. சில செட்டுகளில் நடுவே ஒரு கண்டென்சரை வைத்துத் தடுத்திருப்பார்கள். அறுபது வருஷத்துக் கண்டென்சர் தடுக்காது, ஒழுகும். உங்கள் விரலுக்கு வந்தது மழை ஈரம் இல்லை தம்பி.

நம் ஊர்க் கடைகளில் விற்ற ஐரோப்பிய வகைச் செட்டிலும் இந்த வேறுபாடு உண்டு. வால்வின் பெயர் ‘ஈ’யில் தொடங்கினால் 6.3 வோல்ட் இழை, பெரும்பாலும் உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கும். ‘யு’வில் தொடங்கினால் உங்கள் செட்டின் கதைதான். பழைய ரேடியோ வாங்குகிறவர்கள் வால்வின் பெயரை வைத்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

“ஸ்டெப் டவுன் பெட்டி இருக்கிறதே” என்பீர்கள். அதைச் சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை 230 பக்கத்துப் பின்னிலும் மற்றதை 115 பக்கத்து ஓட்டையிலும் வையுங்கள். மாற்றி மாற்றி எல்லாச் சேர்க்கையிலும் பாருங்கள். ஏதாவது ஒன்றில் மீட்டர் காட்டினால் அது ஆட்டோ டிரான்ஸ்பார்மர். உள்ளே ஒரே கம்பிச் சுற்றுதான், நடுவில் ஒரு கிளை எடுத்திருப்பார்கள். வோல்டைக் குறைக்கும், உங்களைக் காப்பாற்றாது. வைண்டிங் கடையில் சொல்லி, இரண்டு சுற்றும் தனித்தனியாக, 230-க்கு 115, 100 விஏ-யில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்று கட்டச் சொல்லுங்கள். அதுவரை அம்மாவை அந்த மேஜைப் பக்கம் விடாதீர்கள், சிமெண்ட் தரை வேறு.

உறுமலுக்குக் காரணம் ஃபில்டர் கண்டென்சர். வால்வு செட்டில் முதலில் சாவது வால்வு அல்ல, கண்டென்சர். 50 சி5-க்குப் போகிற மெழுகுக் காகிதக் கண்டென்சரையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அது ஒழுகினால் அந்த வால்வு சூடேறி, கடைசியில் ஸ்பீக்கர் டிரான்ஸ்பார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். மாற்றிய பிறகு முதல் தடவை நேராகப் போடாமல் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் வைத்துப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். லேசாக மின்னி மங்கினால் சரி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் கரண்ட் தங்கும், ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுத்தான் உள்ளே கை விட வேண்டும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், செட் ஓடும்போது உள்ளே தொட வேண்டியிருந்தால் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வார். மறந்தால் தலையில் ஒரு தட்டு.

இழுப்புக்கு வருகிறேன். தம்பி எக்கோ, இதில் பெல்ட் கிடையாது. மோட்டார் புல்லி ஒரு ரப்பர் சக்கரத்தைச் சுற்றும், அது தட்டின் உள்விளிம்பைச் சுற்றும். டிரான்ஸ்பார்மர் வந்ததும் தட்டின் ஓரத்தில் வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டி, ரெக்கார்டு இல்லாமல் ஓடவிட்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று மூன்று தடவை எண்ணுங்கள். எண்ணிக்கை முன்னப்பின்னே வந்தால் கிரீஸும் ரப்பரும். மூன்று தடவையும் ஒரே எண் வந்தால் எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. மோட்டாரில் ஒட்டியிருக்கிற தகட்டையும் படித்துவிட்டு வாருங்கள்.


தேனி ஷார்ட்வேவ்:

முக்கோணத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒன்று 64-லும் இன்னொன்று 124-லும் இருக்கும், அதாவது 640, 1240 கிலோசைக்கிள், சரிதானே? அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டிருந்த காலத்து ஏற்பாடு அது. எதிரி விமானங்கள் வானொலி நிலையத்தின் அலையைப் பிடித்துக்கொண்டே ஊருக்கு வழி கண்டுபிடித்துவிடும் என்ற பயம். தாக்குதல் வந்தால் மற்ற நிலையங்கள் எல்லாம் வாயை மூடிவிடும், இந்த இரண்டு அலைவரிசையில் மட்டும் அறிவிப்பு வரும். அந்த இடத்தை மக்கள் தேடாமல் கண்டுபிடிக்கத்தான் டயலில் குறி. 1953 முதல் 1963 வரை அங்கே விற்ற செட்டுகளில் இருக்கும். ஆக உங்கள் ரேடியோவின் ஜாதகம் அந்தப் பத்து வருஷத்துக்குள்.

இன்னொரு வேடிக்கை. மலை உச்சியிலிருந்து தென்மாவட்டம் பாதிக்குக் கேட்கிற கொடை எஃப்எம் 100.5 உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. இந்த செட்டில் அது வரவே வராது, மீடியம் வேவ் மட்டும்தான்.


மூஞ்சிக்கல் ஜீப்காரன்:

தாமதத்துக்கு மன்னிக்கவும். வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளே மீட்டர் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதேதான், ஒரே சுற்று. இத்தனை வருஷம் இதைத் தொட்டுத் தொட்டு விளையாடியிருக்கிறோம். மழைக்காலத்தில் தாத்தா இதன் முன்னால் தரையில் கோணிச்சாக்கு விரிப்பார், ஏனென்று இப்போதுதான் புரிகிறது.

மதுரைக்கு சவாரி கிடைத்த அன்று டிரான்ஸ்பார்மர் கட்டச் சொல்லிவிட்டு வந்தேன். ஐந்து நாள் கழித்து பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். கண்டென்சர் வேலையை டிவி ரிப்பேர் செய்கிற மச்சானிடம் கொடுத்தேன், அவரும் சீரிஸ் பல்பு வைத்துத்தான் போட்டார். உறுமல் நின்றது, சுர்ரும் நின்றது. ஐந்து வால்வும் நீங்கள் சொன்ன அதே எண்கள்.

சேஞ்சரின் அடியைப் பார்த்தால் கிரீஸ் தேன்மெழுகு மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. இங்கே மார்கழியில் தேங்காய் எண்ணெயையே கத்தியால்தான் வெட்டி எடுக்கிறோம், இது என்ன பாவம் செய்யும். முற்றத்தில் வைத்துப் பெட்ரோல் தொட்டுத் துடைத்து, பல்சக்கரத்துக்குக் கொஞ்சம் புது கிரீஸ், மோட்டார் புஷ்ஷுக்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. கை இப்போது யோசிக்காமல் போய் வருகிறது.

ஆனால் இழுப்பு அப்படியே இருக்கிறது. எண்ணினேன். முதல் தடவை 65. இரண்டாவது தடவை 65. மூன்றாவதுக்குப் பையனை எண்ணச் சொன்னேன், அவனும் 65. குமிழை 45-க்குத் திருப்பினால் 37-ம் அரையும். 33-ல் 28-க்குக் கொஞ்சம் குறைச்சல். மோட்டார் தகட்டைத் துடைத்ததில் 115 வோல்ட் என்றும் பக்கத்தில் 60 என்றும் தெரிகிறது. 60 என்ன, வாட்டா?


மதுரை வால்வு வாத்தியார்:

வாட் இல்லை தம்பி, சைக்கிள். அதுதான் என் சந்தேகம்.

அமெரிக்காவில் கரண்ட் ஒரு செகண்டுக்கு 60 தடவை முன்னும் பின்னும் போய் வரும், ஒரு தடவை போய் வந்தால் ஒரு சைக்கிள். நம் ஊரில் 50. உங்கள் பெட்டி வோல்டைத்தான் குறைக்கும், இந்த எண்ணை மாற்றாது. ரேடியோவுக்கு இது ஒரு பொருட்டே அல்ல, அதனால் அது நன்றாகப் பாடுகிறது. இந்த வகை மோட்டாருக்கு வோல்ட் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை, சைக்கிளைப் பார்த்துத்தான் ஓடும். 60-க்குச் செய்த மோட்டார் 50-ல் ஆறில் ஐந்து பங்கு வேகம் போகும். 78-ஐ ஆறால் வகுத்து ஐந்தால் பெருக்குங்கள். 65. காகிதத் துண்டு ஒட்டி நீங்கள் எண்ணிய அதே 65. 45-க்கு 37½. 33⅓-க்கு 27.8. மோட்டார் வீக் இல்லை, அதற்குச் சொல்லிக்கொடுத்தபடி சரியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கடிகாரம்! அதுவும் சைக்கிளை எண்ணி ஓடுகிற சாதிதான். 60 நிமிஷத்தில் ஐம்பது நிமிஷம்தான் நகரும். மணிக்குப் பத்து நிமிஷம் பின்னால். குளிரில் விறைக்கவில்லை தம்பி, பழைய இரும்புக்குப் போட்டது பாவம்.

வழி என்ன? மோட்டார் தண்டில் மூன்று படியாக ஒரு புல்லி இருக்கும். பெரிய படி 78-க்கு, நடுப்படி 45-க்கு, சின்னது 33-க்கு. மோட்டார் ஆறில் ஐந்தாக ஓடுகிறதா, புல்லியை ஐந்துக்கு ஆறாகப் பெரிதாக்குங்கள், முடிந்தது கணக்கு. ஒவ்வொரு படியின் விட்டத்தையும் வெர்னியரில் அளந்து 1.2 ஆல் பெருக்கி, பித்தளையில் கடைந்து தரச் சொல்லுங்கள். ரப்பர் சக்கரம் ஸ்பிரிங்கில் நிற்பதால் புல்லி பருத்தால் அது நகர்ந்துகொடுக்கும். ரப்பர் சக்கரத்தின் அளவை யாராவது மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள், அது நடுவில் நிற்கிற ஆள், வேகக் கணக்கில் அது சேராது. லேத்தில் ஒரே பிடிப்பில் துளையும் படிகளும் முடிய வேண்டும். கழற்றி மறுபடி மாட்டிக் கடைந்தால் மையம் தப்பும். மயிரிழை தப்பினாலும் நீட்டிப் பிடிக்கிற சுரமெல்லாம் ஆடும்.

60-க்குச் செய்த மோட்டார் 50-ல் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

சத்தம் கம்மி என்பதற்குக் காரணம் கார்ட்ரிட்ஜ், அதாவது கையின் நுனியில் ஊசியைப் பிடித்திருக்கிற துண்டு. அந்தக் காலத்தில் உள்ளே ரோஷெல் உப்பு என்று ஒரு படிகம் வைத்தார்கள். ஊசி அசைந்து அதை நெளித்தால் அதில் மின்சாரம் பிறக்கும். அருமையான ஏற்பாடு, ஒன்றைத் தவிர: அது உப்பு. உங்கள் ஊரில் மேகம் வீட்டுக்குள் வந்து போகும், சமையலறை உப்பு ஜாடியின் கதி என்ன என்று அம்மாவைக் கேளுங்கள். செராமிக் கார்ட்ரிட்ஜ் வாங்கிப் பொருத்துங்கள், அதற்கு ஈரம் பயமில்லை. 78-க்குத் தடித்த ஊசி, எல்பி-க்கு (33 வேகத் தட்டு) மெல்லிய ஊசி, இரண்டும் திருப்பிப் போடுகிற மாதிரி இருக்கட்டும். மெல்லிய ஊசியை 78-ல் விட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து அரைக்கும், பாட்டை விட இரைச்சல் கூடக் கேட்கும்.

அப்புறம், பழைய 78 தட்டுகளை அடுக்கிப் போடாதீர்கள். அரக்கு கலந்த தட்டு, விழுந்தால் அப்பளம். ‘டப்’ சத்தம் கேட்க ஆசையாக இருந்தால் எல்பி-யில் கேட்டுக்கொள்ளுங்கள்.


எக்கோ பையன்:

பெல்ட் விஷயத்துக்கு ஸாரி வாத்தியாரே. 60 சைக்கிள் கொடுக்கிற இன்வெர்ட்டர் வாங்கிட்டா லேத்தே வேண்டாமே? அண்ணே, 77 கோடு போட்ட வட்டம் ஒண்ணு அனுப்பறேன், பிரிண்ட் எடுத்துத் தட்டு மேல வைங்க. சோக் வச்ச பழைய டியூப்லைட் வெளிச்சத்துல பாருங்க, 78-ல ஓடினா கோடெல்லாம் நின்ன மாதிரி தெரியும். எல்இடி-ல சரியா வராது.


மதுரை வால்வு வாத்தியார்:

இன்வெர்ட்டரும் சரியான வழிதான் தம்பி. ஆனால் வத்தலக்குண்டு லேத்துக்காரர் கேட்கிற காசு என்ன, இன்வெர்ட்டர் விலை என்ன? கோட்டு வட்டம் நல்ல யோசனை.


திண்டுக்கல் ஆர்மோனியம்:

எனக்கு மின்சாரம் தெரியாது, பாட்டு வகுப்பு எடுக்கிறேன். வாத்தியார் ஐயாவின் ‘ஐந்துக்கு ஆறு’ என்ற கணக்கைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஆதார சட்ஜத்தை, அதாவது ‘ஸ’வை, 1 என்று வைத்தால் சாதாரண காந்தாரம் என்கிற ‘க’ சரியாக 6/5. அதாவது உங்கள் ரெக்கார்டு ஒரு சாதாரண காந்தாரம் கீழே இறங்கிப் பாடிக்கொண்டிருக்கிறது. ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடிய அம்மையார் நான்கு கட்டைக்கு வந்திருப்பார். தொண்டை கட்டியது போல இருக்காமல் வேறெப்படி இருக்கும்?

வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் சட்ஜம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள் அண்ணா. புல்லி மாற்றிய பிறகு அதே கட்டையிலிருந்து மூன்று சாவி மேலே, கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணி, ஏறியிருந்தால் வேலை சுத்தம். காகிதத் துண்டு எண்ணுவதைவிட எனக்கு இது சுலபம். தட்டின் வேகம் குறைந்தால் சுருதியோடு காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் நடையும், குறையும். அம்மா இந்த ரெக்கார்டைக் கேட்டுத்தான் பாட்டுக் கற்றுக்கொண்டாரா?


மூஞ்சிக்கல் ஜீப்காரன்:

டீச்சர், உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் இந்தப் பதிலே.

முதலில் வேலை. வத்தலக்குண்டில் டிராக்டர் வேலை செய்கிற ஒரு லேத் பட்டறை. பழைய புல்லியை வெர்னியரில் வைத்தோம்: 9.9, 5.7, 4.2 மில்லிமீட்டர். அவர் கடையில் இதைவிடச் சின்ன உருப்படி யாரும் கொண்டுவந்ததில்லையாம். முதலாவதைக் கழற்றி மாட்டிக் கடைந்தார். மாட்டினால் பாட்டு கடல்மேல் கப்பல் மாதிரி ஏறி இறங்கியது. வாத்தியார் எழுதியதைப் போனில் படித்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, “ஒரே பிடிப்பிலதான, முதல்லயே சொல்லக் கூடாதா” என்று இரண்டாவதைக் கடைந்தார். 11.88, 6.84, 5.04. பக்கவாட்டில் திருகுக்கு ஒரு துளை. இரண்டுக்கும் சேர்த்து 400 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ராத்திரி முன்னறை டியூப்லைட்டின் கீழே எக்கோ தம்பியின் கோட்டு வட்டத்தை வைத்து ஓடவிட்டேன். கோடுகள் கொஞ்ச நேரம் தயங்கி, மெல்ல ஊர்ந்து, அப்படியே நின்றன. தட்டு சுற்றுகிறது, கோடு நிற்கிறது. பையன் வீடியோ எடுத்தான், அதில் வேறு மாதிரி தெரிகிறது, அதை விடுங்கள்.

செராமிக் கார்ட்ரிட்ஜ் ஏற்கெனவே மாட்டியிருந்தேன். பாதி நாய் ரெக்கார்டைப் போட்டேன். ஐயா, அந்தப் பெண்ணுக்கு என்ன குரல்! பளிங்கு மாதிரி. பின்னால் ஒரு வயலின் இருக்கிறது என்பதே இத்தனை வருஷத்தில் இப்போதுதான் தெரியும். ஒரு பக்கம் மூன்றே கால் நிமிஷத்தில் முடிந்தது. மாமா வீட்டு ஆர்மோனியத்தில் பார்த்தோம், டீச்சர் சொன்னபடி மூன்று சாவி, பிசகவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டார்.

“இது யாரு பாடுறது?”

“அதே ரெக்கார்டுதாம்மா.”

“இல்ல. இவ பஸ்ஸுக்குப் போறவ மாதிரி பாடுறா.”

திரும்ப அடுப்படிக்குப் போய்விட்டார்.

டீச்சர், இந்த ரெக்கார்டைக் கேட்டுத்தான் அம்மா அந்தக் கீர்த்தனையைக் கற்றுக்கொண்டார். பதினைந்து பதினாறு வயது. நான்கு கட்டையில், இந்த இழுப்பில். ஆலயத்தில் பாடகர் குழுவில் சேர்த்தபோது இந்தப் பாட்டு வந்தாலே சண்டை. மற்றவர்கள் ஒரு அடி முடித்து நிற்பார்கள், அம்மா பின்னால் வந்துகொண்டிருப்பார். சுருதியும் சேராது. ஆர்மோனியக்காரர் “இழுக்காதம்மா” என்று வாராவாரம் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு மட்டும் அம்மாவை வேறு பாட்டுப் பாட வைத்துவிட்டார். ஊரில் இன்றைக்கும் அம்மாவுக்கு ‘இழுவை அக்கா’ என்றுதான் பேர். கையில் ரெக்கார்டே ஆதாரமாக இருக்கும்போது ஊரே வேகமாகப் பாடுகிறது என்று அம்மா நினைத்ததில் என்ன தப்பு?

கரண்ட் சைக்கிள் கணக்கெல்லாம் உட்கார வைத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப அந்த ஆர்மோனியக்காரர் சொன்னது சரி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சரியா இருந்தா இருந்துட்டுப் போகட்டும், நீ பழசை மாட்டு.”

வாத்தியார் ஐயா, ஒரே சந்தேகம். மற்ற ரெக்கார்டுக்கெல்லாம் புதுப் புல்லி, இந்த ஒன்றுக்குப் பழையது. தட்டைத் தூக்கி, திருகைத் தளர்த்தி, மாற்றிப் போட எனக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் இப்படிக் கழற்றி மாட்டினால் தண்டு தேயுமா?


மதுரை வால்வு வாத்தியார்:

தண்டு தேயாது தம்பி. திருகை மட்டும் வெறி பிடித்து முறுக்காதீர்கள், பித்தளையில் மரை போய்விடும். தண்டில் திருகு உட்காரும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், உயரம் மாறினால் ரப்பர் சக்கரம் அடுத்த படியில் உரசும். மாட்டும்போது கையில் எண்ணெய் இருக்கக் கூடாது, ரப்பரில் பட்டால் வழுக்கும், அப்புறம் அந்தப் பாட்டு அம்மா கேட்கிறதைவிட மெதுவாகப் போகும்.


மூஞ்சிக்கல் ஜீப்காரன்:

சரிங்க ஐயா. பழைய புல்லி, ஒரு சின்னத் திருப்புளி, பென்சில் மூன்றையும் தீப்பெட்டியில் போட்டு லைசென்ஸ் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.